படத்தில் இல்லாத குழிகள்

மண்ணெண்ணெயும் சேற்றுத் தண்ணீரும் கலந்த ஒரு வாசனை உண்டு. இருபத்திரண்டு வயதில் என் சட்டை, கை, சோற்றுத் தூக்கு எல்லாவற்றிலும் அந்த வாசனைதான் அடிக்கும்...

நண்பர்களே, எனக்கு வயது தொண்ணூற்று மூன்று. நான் சொல்லச் சொல்லப் பேரன் டைப் செய்கிறான். இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில் மதுரையில் ஒரு சுகாதார ஆபீஸில் எனக்கு வேலை. என்ன வேலை என்று கேட்டால் சிரிப்பீர்கள். கொசுப்புழு பிடிப்பது.

நீளமான காம்பு வைத்த கரண்டி, வெள்ளை எனாமல் தட்டு, மூடி போட்ட கண்ணாடிப் புட்டிகள். ஊர் ஊராகப் போய், தேங்கின தண்ணீரை மொண்டு தட்டில் ஊற்றிக் குனிந்து பார்க்க வேண்டும். புழு தலைகீழாகத் தொங்கினால் வேறு கொசு. தண்ணீரோடு தண்ணீராக மேலே படுத்துக் கிடந்தால் மலேரியாக் கொசு. முதன்முதலில் அதைப் பார்த்த அன்று எனக்குச் சோறே இறங்கவில்லை. அருவருப்பில் இல்லை, ஆச்சரியத்தில்.

ஒரு ஐப்பசியில் எழுமலைப் பக்கம் ஓர் ஊருக்கு அனுப்பினார்கள். குளிர்காய்ச்சல் விடாமல் அடித்துக்கொண்டிருந்த ஊர். ஆபீஸில் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்கள். ஊருணிதான் காரணம், மூடிவிட வேண்டியது! நான் போய் அளந்து, எத்தனை வண்டி மண் வேண்டும் என்று எழுதி வந்தால் போதும்.

ஊரே குடிப்பது அந்த ஊருணித் தண்ணீரைத்தான்.

நான் படியில் நின்று அளந்துகொண்டிருந்தபோது, குடத்தோடு வந்த ஓர் அக்கா நின்றுவிட்டார். மேலத்தெருச் செல்லம்மா.

"என்ன தம்பி அளக்குறீக?"

சொன்னேன். குடத்தைக் கீழே வைத்தார்.

"இதை மூடிட்டா தண்ணிக்கு எங்க போறது? சரி, அதை விடுங்க. ஒண்ணு கேக்குறேன். ஊருணியை ஒட்டி இருக்கது கீழத்தெரு. அங்க ஒரு வீட்டுலயும் காய்ச்சல் இல்ல. எங்க தெருவுலதான் வீட்டுக்கு வீடு போத்திக்கிட்டுக் கெடக்காக. கொசு எங்களை மட்டும் தேடியா வரும்?"

எனக்குச் சுருக்கென்றது. இந்தக் கேள்வி ஆபீஸில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

ஊருணியில் மொண்டு பார்த்தேன். இந்தக் கரையில், அந்தக் கரையில், திரும்பத் திரும்ப... மீன்குஞ்சுதான் வந்தது. புழுவை அவை தின்றுவிடும்; ஒன்றுகூட இல்லை.

"எங்க வீட்டுப் பின்னாடி வந்து பாருங்க" என்று நடந்தார் செல்லம்மா.

மேலத்தெருவுக்குப் பின்னால் புது ரோடு. அதற்கு முந்தின கோடையில் போட்டது. ரோட்டை உயர்த்த மண் வேண்டுமே... பக்கத்திலேயே வெட்டி எடுத்துவிட்டு அப்படியே விட்டுப் போயிருந்தார்கள். வரிசையாகக் குழிகள், மழைத் தண்ணீர் ததும்ப. மேலத்தெருக்காரர்களுக்குச் சொந்த நிலம் கிடையாது, எல்லாரும் கூலி. அந்த மண்ணைச் சுமந்ததும் அவர்களே. கேட்க ஆள் இருக்கிற இடத்தில் யாராவது இப்படித் தோண்டுவார்களா?

முதல் கரண்டியிலேயே தட்டு முழுக்கப் புழு. அத்தனையும் படுத்துக் கிடந்தன.

மதுரைக்குத் திரும்பி ஆபீசரிடம் சொன்னேன். அவர் ஊர்ப் படத்தை மேசையில் விரித்தார்.

"எங்கய்யா குழி? காட்டு."

படத்தில் குழி இல்லை. ரோடே இல்லை. அது ரோட்டுக்கு முந்தின படம்! நான் இரண்டு புட்டிகளை அதன்மேல் வைத்தேன். ஊருணித் தண்ணீர் ஒன்று, குழித் தண்ணீர் ஒன்று. இரண்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "நேர்ல வாரேன்" என்றார்.

மேலே எழுதிக் கேட்டு, உத்தரவு வந்து, அவர் நேரில் வர மார்கழி ஆகிவிட்டது. யுத்தத்தில் மலேரியாவுக்கான கொயினா மாத்திரைக்கும், புழுவைக் கொல்ல ஊற்றும் மண்ணெண்ணெய்க்கும் பஞ்சம். அதற்குள் செல்லம்மாவின் தங்கை மகளைக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. நான்கு வயசு.

செல்லம்மா என்னைத் திட்டவில்லை. "பாத்துட்டுத்தான தம்பி போனீக" என்றார். அவ்வளவுதான். எனக்குத் தலை நிமிரவில்லை.

ஆபீசர் குழிகளை நேரில் பார்த்த அன்றோடு ஊருணியை மூடும் பேச்சு ஒழிந்தது. குழிகளை மூட வசதியில்லை, வாய்க்கால் வெட்டி ஓடைக்கு வடித்துவிடலாம் என்றார். ஆனால் இடையில் முத்துக்கருப்பன் என்பவரின் பருத்திக் காடு.

"ரோடு போட்டவுக வெட்டுன குழிக்கு எங் காடுதான் கெடைச்சுச்சா?" என்றார் அவர்.

நியாயமான கேள்வி.

செல்லம்மா என் தட்டை வாங்கிக் குழியில் மொண்டு, அவர் முன்னால் நீட்டினார். "அண்ணே, எங்க பிள்ளையக் கொன்னது இதுதான். பாருங்க."

முத்துக்கருப்பன் குனிந்தார். கோபமாகக் குனிந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "இம்புட்டுத் தண்ணியில இம்புட்டு உசுரா..." விரலால் தொட்டார். புழுக்கள் துள்ளி விலகின. "றெக்கை மொளைச்சா எம்புட்டுத் தூரம் பறக்கும்?"

"உங்க வீடு வரைக்கும் வரும்ண்ணே" என்றேன்.

எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "காட்டு நடுவுல வேணாம். வரப்போரமா வெட்டிக்கங்க."

ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து மூன்றே நாளில் வெட்டி முடித்தார்கள். வடியாத சின்னக் குழிகளில் பெண்கள் தினமும் மண்ணையும் சாம்பலையும் கூடை கூடையாகக் கொட்டினார்கள். அடுத்த ஐப்பசியில் காய்ச்சல் அடியோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டுக்கு வீடு அடித்த காய்ச்சல் அங்கொன்று இங்கொன்று என்று குறைந்தது.

இப்போது பேரன் செல்போனில் ஆகாயத்திலிருந்து எடுத்த படம் காட்டுகிறான். ஒவ்வொரு கூரையும் தெரிகிறது! அதில் அந்த ஊரைத் தேடிப் பிடித்து, போன தையில் காரில் கூட்டிப்போனான்.

குழிகள் இருந்த இடத்தில் மாடி வீடுகள். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், "இங்கே பெரிய பெரிய குழி இருந்ததே, தெரியுமாம்மா?" என்றேன்.

"இங்கயா தாத்தா?" என்று சிரித்தாள். செல்லம்மா பெயரைச் சொன்னேன். எந்தச் செல்லம்மா என்றாள்.

கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது... ஆனாலும், அந்த வேலை நன்றாக முடிந்தது என்பதற்கு வேறு அடையாளம் ஏது?

"காப்பி குடிச்சுட்டுப் போங்க தாத்தா" என்று அவள் வாசலில் நாற்காலி எடுத்துப் போட்டாள். உட்கார்ந்து, நிதானமாகக் குடித்துவிட்டு வந்தேன்.