குணா அண்ணன் கேட்ட ஒரு வாரம்

செய்தி வந்தபோது நான் செபராங் ஜெயா அலுவலகத்தில் குணா அண்ணன்மேல் எரிச்சலோடு உட்கார்ந்திருந்தேன். காலைக் கூட்டத்துக்கு மறுபடியும் தாமதம், வந்ததும் தீவிலிருந்து ஏறிவரும் ஃபெர்ரிமேல் பழியைப் போடப்போகிறார் என்று நினைத்துக்கொண்டிருக்கையில் அவர் மனைவி மல்லிகா அண்ணி அழைத்தார். "தம்பி, அண்ணே எந்திரிக்கவே இல்ல. தூக்கத்துலயே போயிட்டாரு" என்றார். என் வாயில் முதலில் வந்தது, "இன்னிக்கு மீட்டிங் இருக்கே அண்ணி" என்பதுதான். நினைத்தால் இன்னும் கூசுகிறது.

குணசேகரன் என்று முழுப்பெயரைச் சொன்னால் உங்களில் பலருக்குத் தெரியாது. ஆனால் நம் அறிவிப்புத் தளத்தில் ஏதாவது சிக்கலென்று ஒருமுறையாவது தொலைபேசியில் அழைத்தவர்களுக்கு அந்தக் கரகரத்த குரல் மறந்திருக்காது. கல்யாணம், புதுமனை புகுவிழா, கருமக்கிரியை என்று பினாங்குத் தமிழர்கள் தங்கள் அறிவிப்பைத் தாங்களே எழுதிப் போடும் இந்த இணையத்தளத்தை நாங்கள் இருவரும் சேர்ந்து கட்டினோம். திரையில் நீங்கள் பார்ப்பதெல்லாம் அவர் பங்கு, பின்னால் இருக்கும் சர்வர் என் பங்கு. கெட்டிக்காரர், முன்கோபக்காரர், எதையும் தூக்கி எறியாதவர். காலி கோப்பிக் குவளைகளை விலக்கித்தான் விசைப்பலகையைக் கண்டுபிடிப்பார். நான் எடுத்துக் கழுவப் போனால், "வேணும்லா, வை" என்பார். எதற்கு வேண்டும் என்று கடைசிவரை சொன்னதில்லை.

ஒரு தீபாவளிக்கு முதல் நாள் தளம் படுத்துவிட்டது. நீங்கள் ஏற்றும் படமும் தட்டும் எழுத்தும், கடைசியில் 'ஒப்புதல்' பொத்தானை அழுத்தும்வரை, சர்வரில் தற்காலிகக் கோப்புகளாகக் காத்திருக்கும். பாதியில் விட்டுப்போனவர்களின் கோப்புகள் மாதக்கணக்கில் சேர்ந்து இடத்தையெல்லாம் அடைத்துக்கொண்டன. வாழ்த்துப் போட முடியாதவர்களின் வசவு முழுவதும் அண்ணன் காதில்தான் விழுந்தது. அந்த வாரமே நான் ஒரு நிரல் எழுதினேன். ஒரு நாள் தாண்டிய தற்காலிகக் கோப்பு எதுவானாலும் அழித்துவிடும். அதற்குத் துடைப்பம் என்று பெயர் வைத்தோம்.

ஒரு நாள் போதாது என்றார் அண்ணன். "ஒரு வாரம் குடு தம்பி."

"எடம் பத்தாது அண்ணே. நாம என்ன சத்திரமா நடத்துறோம்?"

"கல்யாண வீட்டுக்காரன் ஒடனே பட்டன அமுக்கிருவான். சாவு வீட்டுல அப்படி முடியுமா? ஒன் தொடப்பத்துக்குக் கண்ணே இல்லலா."

நான் சிரித்தேன். சர்வர் என் பங்கு என்பதால் என் பேச்சே எடுபட்டது.

பிறகு ஒருநாள் சுங்கை பாக்காப்பிலிருந்து ஓர் அம்மாள் அழைத்தார். மகனின் முதலாண்டு நினைவுக்காகப் படம் ஏற்றியவர், நான்கு நாள் கழித்துத் திரும்பி வந்திருக்கிறார். பக்கம் வெறுமையாக இருந்திருக்கிறது. அண்ணன் வேலையை விட்டுவிட்டு, அவர் அழுது ஓயும்வரை பேசிக்கொண்டே இருந்தார். "படம் அவங்க போன்லயே இருக்குமே அண்ணே, மறுபடி ஏத்துனா என்ன கொறைஞ்சிருச்சு?" என்று கேட்டேன். "படம் இருக்கும். மறுபடி ஏத்த தைரியம் இருக்குமா?" என்று எரிந்து விழுந்தவர், அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. நானும் வீம்பாகவே இருந்தேன்.

அண்ணனைத் தகனம் செய்து சில நாட்களில், அவருடைய கருமக்கிரியை அறிவிப்பை அண்ணியே எழுத உட்கார்ந்தார். யாரிடமும் சொல்லவில்லை. கைப்பேசியில், நம் தளத்தில், அவர் கட்டிய அதே பக்கத்தில் ஒரு மாலை முழுவதும் அழுதுகொண்டே எழுதியிருக்கிறார். முப்பது வருடக் குடும்ப வாழ்க்கையை எழுதி முடித்தவருக்குப் பொத்தானை மட்டும் அழுத்த வரவில்லை. இரண்டு நாள் கழித்து அவர்களுடைய ஜெலுத்தோங் வீட்டில் நான் எதிரே உட்கார்ந்திருந்தபோது கைப்பேசியை என்னிடம் நீட்டினார்.

"அமுக்குனா அவரு போயிட்டாருன்னு நானே ஊருக்குச் சொன்ன மாதிரி ஆயிரும்ல, அதான் விட்டுட்டேன். இப்ப காணோம். எடுத்துத் தர முடியுமா தம்பி?"

வாங்கிப் பார்த்தேன். பார்க்காமலே தெரியும். இருந்தாலும் அலுவலகத்துக்கு ஓடி, துருவித் துருவித் தேடினேன். காப்புப் பிரதியிலும் தற்காலிகக் கோப்புகளைச் சேர்க்கக் கூடாது என்று எழுதிவைத்தவன் நான்தான். திரும்பிப் போய், முடியாது என்று சொன்னேன்.

அண்ணி கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "பரவால்ல தம்பி. நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து வச்ச ரூல்தானே? அவரு அப்படித்தான் சொல்வாரு" என்றார்.

வீட்டில்கூட என்னை விட்டுக்கொடுக்காமல் பொய் சொல்லியிருக்கிறார் மனிதர். நானும் அண்ணியிடம், "ஆமாம் அண்ணி" என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அவரை அறிந்த உங்கள் எல்லார் முன்னாலும் சொல்கிறேன்: அந்த விதி அவருடையது அல்ல. அவர் கடைசிவரை எதிர்த்தார். மறுநாளே துடைப்பத்தின் கெடுவை ஒரு வாரமாக்கினேன். ஒரே ஓர் எண்ணை மாற்றும் வேலை. இடமும் தாராளமாகப் போதுகிறது.

"எனக்கு மறுபடி எழுத வராது, நீங்களே எழுதுங்க" என்று அண்ணி சொன்னதால்தான் இந்தப் பக்கத்தில் நான் எழுதுகிறேன். எழுதியதில் ஏதாவது நினைவிருக்கிறதா என்று கேட்டேன். ஒரே ஒரு வரி சொன்னார். அதை அப்படியே தருகிறேன்: "வேலை விட்டு வந்தால், செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் வாசலிலிருந்தே என் பேரைக் கூப்பிடுவார்."

குணா அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது 'ரெண்டு பேரும்' என்ற அந்தப் பொய். அதை வைத்துக்கொள்ளும் தகுதி எனக்கில்லை, ஆனாலும் வைத்துக்கொள்கிறேன். இந்தப் பக்கத்தில் அண்ணியுடையது அந்த ஒரு வரிதான். மீதியை நான் அழித்துவிட்டேன்.