கல்யாணப் படத்துக்கு முன்னால்

கம்பெனி வேனில் என் பக்கத்தில் உட்காரும் பெண், கண் மட்டும் தெரிய முகத்தைத் துப்பட்டாவால் சுற்றியிருப்பாள். வெடி விபத்தில் வெந்த முகம். வேனில் அவளை ‘வெந்தபிள்ள’ என்றுதான் சொல்வோம்.

பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கூடாது. வாசலில் ஒப்படைக்கும்வரை அவள் ஒரு காதல் விளையாட்டில் இருப்பாள். ஏதோ கார்ட்டூனின் ரசிகர் ஒருவர் தமிழில் செய்து இணையத்தில் போட்டது. படத்தில் ஒருவன் பேசுவான். கீழே வரும் பதில்களில் ஒன்றைத் தொட்டால் மேற்கொண்டு பேசுவான். கதையில் கல்யாண நாள் வந்ததும் அவள் மூடிவிட்டு முதலிலிருந்து தொடங்குவாள்.

“ஏம்மா, முடிக்காமலே விட்டுடுற?” என்று ஒருநாள் கேட்டேன்.

“ஒருக்க முடிச்சேன்க்கா. அதுவரைக்கும் பொண்ணு மொகத்தையே காட்ட மாட்டாக. அவன் என்னயப் பாத்துப் பேசுற மாதிரியே இருக்கும். கடைசியா வர்ற கல்யாணப் படத்துல மட்டும் பொண்ணையும் வரைஞ்சு வச்சிருக்காக.”

“எப்படி இருக்கா?”

“அம்புட்டு அழகுக்கா. அவன் அவளப் பாத்துல்ல சிரிக்கான்.”

நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வேன் வெம்பக்கோட்டையைத் தாண்டியது. மறுபடி பார்த்தபோது, திரையில் அவன் முதல் கேள்வியைக் கேட்டிருந்தான்: ‘உன் பெயர் என்ன?’ எங்களில் யாரும் கேட்காத அந்தப் பெயரை அவள் ஒவ்வோர் எழுத்தாக அடித்துக்கொண்டிருந்தாள்.