மணிக்கட்டில் கட்டிய நாடா

யுத்தம் தொடங்கிய வருஷம், கார்த்திகை மாதத்தில், நான் நின்றுகொண்டே தூங்கப் பழகியிருந்தேன். சுவரில் தோள் சாய்ந்தால் போதும். கையிலிருக்கும் மருந்துப் புட்டி விழாது. நான் மட்டும் எங்கோ போய்விட்டு வருவேன்.

ராஜபாளையம் சபையின் பெண்கள் கூட்டத்தில், தேவன் எனக்குச் செய்ததைச் சாட்சியாகச் சொல்லக் கேட்டார்கள். எழுந்து நின்று பேச எனக்கு வராது. வரிசையாக எழுதத்தான் வரும். எழுதித் தருகிறேன்.

நான் நர்ஸ் பயிற்சி பெற்றவள். வார்டு வேலை பார்த்துவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஊனமான பெண்பிள்ளைகளுக்கென்று இருந்த ஒரு சிறிய விடுதிப் பள்ளிக்கு வந்தேன். பதினோரு பிள்ளைகள். பலருக்குக் கால் சூம்பியிருந்தது. இருவருக்குக் கண் தெரியாது. தங்கள் காரியத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ள அவர்களைப் பழக்குவது என் வேலை. குளிப்பது, தலை வாருவது, புண்ணைக் கழுவிக் கட்டுவது, மருந்து வேளையை நினைவில் வைப்பது. ஒவ்வொருத்திக்கும் ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தேன்.

செல்லக்கனிக்கு மட்டும் பட்டியல் கிடையாது. அவளுக்கு நான் இருந்தேன்.

அவள் சுந்தரபாண்டியத்துப் பிள்ளை. பதிமூன்று வயது. காக்காய் வலிப்பு. காலில் கயிற்றுத் தழும்போடு வந்தாள். நான் அவள் அப்பாவைக் கோபமாகப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"கெட்டாம என்ன செய்ய, நர்சம்மா? நாங்க கூலிக்குப் போனாத்தான் கஞ்சி. தனியா விட்டா எங்கயாவது விழுந்து செத்துப் போவா."

நான் கட்டமாட்டேன் என்று சொன்னேன். கண்ணால் பார்த்துக்கொள்வேன் என்றேன். அப்படியே பார்த்தேன். குளிக்கப் போனால் கூடப் போனேன். சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்தேன். இரவில் கட்டுத்துணியில் ஒரு நாடா கிழித்து, அவள் மணிக்கட்டையும் என் மணிக்கட்டையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு படுத்தேன். அவள் புரண்டால் நான் விழிப்பேன். அவள் புரளாத நேரத்தில், ஏன் புரளவில்லை என்று விழிப்பேன்.

அப்படியும் ஐப்பசியில் அந்தக் காரியம் நடந்தது. கட்டுத்துணி வேகவைக்கும் அடுப்பருகே, என் கண்ணெதிரே இருக்கட்டும் என்று அவளை உட்காரவைத்திருந்தேன். துணியைக் கிளறத் திரும்பிய நேரத்தில் வலிப்பு வந்து சாய்ந்தாள். இடது முழங்கை வரை வெந்துவிட்டது.

பள்ளி மேனேஜர் ஐயா நல்லவர். ஆனால் மற்ற பிள்ளைகளுக்கும் அவர்தான் பொறுப்பு. "இன்னொரு தடவை நெருப்பிலயோ தண்ணியிலயோ விழுந்தாள்னா நாம யாருக்கும் பதில் சொல்ல முடியாதும்மா. ஈஸ்டர் வரைக்கும் பாருங்க. பொறவு அவ அப்பாவ வரச்சொல்லி அனுப்பிருவோம்" என்றார்.

அனுப்பினால் எங்கே போவாள் என்று எனக்குத் தெரியும். மறுபடியும் அந்தக் கயிற்றுக்கு.

ஒரு நோட்டில் கட்டம் போட்டேன். வலிப்பு வந்த நாள், நேரம், அதற்குமுன் என்ன சாப்பிட்டாள், எவ்வளவு தூங்கினாள், புரோமைடு மருந்து எத்தனை வேளை, வெயிலா மழையா. மூன்று மாதம் எழுதினேன். கூட்டிப் பார்த்தேன், பிரித்துப் பார்த்தேன். ஒரு ஒழுங்கும் தெரியவில்லை.

அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் என் ஜெபங்களை எழுதியிருந்தேன். ஒன்று, செல்லக்கனிக்கு வலிப்பு நிற்க வேண்டும். இரண்டு, எனக்கு உதவியாக ஒரு ஆயா கிடைக்க வேண்டும். மூன்றாவதை எழுதவே வெட்கப்பட்டேன். இரண்டும் கிடையாதென்றால் என்னையாவது இங்கிருந்து எடுத்துவிடும் என்பது அது. எதற்கும் பதில் வரவில்லை. ஆயா வேலைக்கு வந்த ஒரு அம்மாவும், முதல் வலிப்பைப் பார்த்த மறுநாள் சொல்லாமல் போய்விட்டார்.

மாசியில் ஒரு சனிக்கிழமை, காலை ஜெபத்தில் முழங்காலிட்டேன். என் பட்டியல் ஞாபகத்துக்கு வரவில்லை. "ஆண்டவரே, முடியவில்லை" என்றேன். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. எழுந்துபோய்த் துணிமூட்டையை எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை துவைக்கிற நாள். மற்றவர்களால் நின்று இறைக்க முடியாததால் செல்லக்கனிதான் தண்ணீர் இறைப்பாள். நான் அவள் பின்னால் நிற்பேன். அன்று துவைக்கிற கல்லில் செத்த நேரம் உட்கார்ந்தேன். அவ்வளவுதான் தெரியும்.

விழித்தபோது வெயில் முகத்தில் அடித்தது. கிணற்றடியில் யாரும் இல்லை.

ஓடிப்போய்க் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் அசையாமல் கிடந்தது.

"அங்க எங்க பாக்கீக, நர்சக்கா? இங்கல்லா கெடக்கா" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. சொர்ணம். கால் சூம்பிய பிள்ளை, வாய் மட்டும் ஓயாது. வேப்பமரத்து நிழலில் மணலில் உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் செல்லக்கனி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். வலிப்பு வந்து போயிருந்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லை.

நான் மறுபடியும் கிணற்றைப் பார்த்தேன். வாளி சுவரோரம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. கயிறு வளையமாகச் சுருட்டி அதன்மேல் கிடந்தது. வலிப்பில் விழுகிறவள் கயிற்றைச் சுருட்டி வைக்கமாட்டாள்.

அவள் எழுந்து தண்ணீர் குடித்தபின் கேட்டேன். "வரப்போகுதுன்னு உனக்கு முன்னாலயே தெரியுமா?"

"தெரியும்க்கா. நாக்குல செம்ப நக்குன மாதிரி ஒரு ருசி வரும். பொறவு வயிறு மேல ஏறும். நூறு எண்ணுறதுக்குள்ள வந்துரும்."

"எப்பவுமா?"

"முக்காவாசி."

"ஏன்டி சொல்லல?"

"நீங்க கேக்கலியே. என்ன தின்ன, எப்பத் தூங்குனன்னுதான் கேப்பீக."

"அடுப்புல விழுந்த அன்னைக்கு?"

அவள் சொர்ணத்தைப் பார்த்தாள். சொர்ணம்தான் பதில் சொன்னாள். "அன்னைக்கும் எந்திரிக்கத்தான் போனா. நீங்க திரும்பிக்கூடப் பாக்காம, இடத்த விட்டு அசையாதன்னு சத்தம் போட்டீக. நா அங்கனதான இருந்தேன்."

செல்லக்கனி என் மனதைத் தேற்றுகிறவள்போலச் சிரித்தாள். "வீட்டுல காலு, இங்க கையி. அம்புட்டுத்தான் வித்தியாசம்க்கா."

சொர்ணம் விழுந்து விழுந்து சிரித்தாள். என்னால் முடியவில்லை.

என் நோட்டில் ஆறு கட்டம் இருந்தது. அவளுக்கென்று ஒரு கட்டம் இல்லை. மற்றப் பத்துப் பேரையும் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளப் பழக்கிய நான், இவளைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் தூங்கிப்போனதால் அவளுக்கு அசைய இடம் கிடைத்தது. மூன்று ஜெபத்துக்கும் மௌனமாயிருந்த தேவன், "முடியவில்லை" என்ற ஒரு சொல்லுக்கு என்னைத் தூங்கவைத்துப் பதில் சொன்னார்.

அன்று சாயங்காலமே அவள் சொல்லச் சொல்ல நான் ஒரு பட்டியல் எழுதினேன். ருசி வந்தால் கையிலிருப்பதைக் கீழே வைப்பது. நெருப்பையும் தண்ணீரையும் விட்டு நடப்பது. பக்கத்திலிருப்பவளிடம் சொல்வது. உட்காருவது. அவளுக்கு எழுதத் தெரியாது. மருந்தறைக் கதவின் உள்பக்கம் கரித்துண்டால் கோடு போட்டுக்கொள்வாள். சொல்லிவிட்டு வந்த வலிப்புக்குக் குட்டையாக ஒரு உட்கார்ந்த கோடு. சொல்லாமல் வந்ததற்கு நெட்டையாக ஒரு நின்ற கோடு. நாடாவை அவிழ்த்தேன். பழக்கத்தால் முதல் வாரம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் மேனேஜர் ஐயா, அவள் அப்பாவையும் வைத்துக்கொண்டு கேட்டார். நான் நோட்டை நீட்டினேன். ஐயா அதை வாங்கவில்லை. "அவளே சொல்லட்டும்" என்றார். அவள் மருந்தறைக் கதவைத் திறந்து காட்டினாள். ஏழு கோடு உட்கார்ந்திருந்தது. இரண்டு நின்றுகொண்டிருந்தது.

"இந்த ரெண்டுக்கு என்ன சொல்லுத?" என்று கேட்டார் ஐயா.

"அது சொல்லாம வந்துச்சுய்யா. அதனாலதான் அடுப்புக்கிட்டயும் கிணத்துக்கிட்டயும் துணைக்கு ஆள் இல்லாமப் போறதில்லன்னு நானே வச்சிருக்கேன். அன்னைக்கு நர்சக்கா தூங்கிட்டாகளா, அதுலருந்து சொர்ணத்தயும் கூட்டிக்கிடுதேன்."

ஐயாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னைப் பார்க்கவில்லை. "சரி, இருக்கட்டும்" என்றார். அவள் அப்பா நெடுநேரம் அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். போகும்போது என்னிடம், "வீட்டுல அந்தக் கயித்த அவுத்துப் போட்டுருதேன், நர்சம்மா" என்றார்.

வலிப்பு நிற்கவில்லை. ஆயா வரவில்லை. என்னையும் இங்கிருந்து எடுக்கவில்லை. கேட்டதில் ஒன்றுமே கிடைக்காதவள் எப்படிச் சாட்சி சொல்கிறாள் என்று நீங்கள் கேட்கலாம். இப்போது யுத்தமும் முடிந்துவிட்டது. செல்லக்கனி இங்கேயே தையல் வேலை பார்க்கிறாள். போன மாதம் மம்சாபுரத்திலிருந்து அதே நோயோடு ஒரு சின்னப் பிள்ளை வந்தது. நான் நோட்டை எடுக்குமுன் செல்லக்கனி அதன் பக்கத்தில் குந்தி, "ஏட்டி, ஒனக்கு முன்னால என்ன ருசி வரும்?" என்று கேட்டாள்.

களைப்பு இன்னும் இருக்கிறது. அதை மறைக்கமாட்டேன். ஆனால் காவல் முழுவதும் என்னுடையது என்ற பாரம் போய்விட்டது. அதற்காக ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன். என்னைப்போல் ஒருவரைத் தாங்கித் தாங்கி ஓய்ந்துபோன சகோதரி யாராவது இதை வாசித்தால், நீங்களும் அவரிடம் முடியவில்லை என்று சொல்லிப் பாருங்கள். வேறு வார்த்தை தேட வேண்டாம். அன்று கிணற்றடியில் நான் தூங்கினேன். அவர் தூங்கவில்லை. செல்லக்கனியும் தூங்கவில்லை.