முளைப்பாரிச் சட்டியும் ஏலக்காய் டிரையரும்

போடியிலிருந்து குரங்கணி போகிற ரோட்டில் பழைய காப்பிக் கிடங்கு ஒன்றை மண்பாண்டக் காட்சியகமாக மாற்றியிருக்கிறார்கள். முன்பக்கம் தாழிகள், குதிர்கள், யார் வீட்டுப் பரணிலோ கிடந்த ஊறுகாய்ச் சாடிகள். பின்பக்கம் ஸ்டுடியோ, அதில் சக்கரமும் சூளையும் உண்டு. ஆசைப்பட்ட யாரும் வந்து மண் பிசையலாம். அங்கே நான் சம்பளமில்லாத வேலைக்காரன். கழுத்தில் 'தன்னார்வலர்' என்று ஒரு அட்டை தொங்கும். தூசி தட்டுவேன், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் "யாரும் எதையும் தொடக் கூடாது" என்று அதட்டுவேன். ஊருக்கெல்லாம் அப்படிச் சொன்ன எனக்குத்தான் கை சும்மா இருக்கவில்லை.

எங்களுக்கு ஏலக்காய் வியாபாரம். கடையை அண்ணன் மகனிடம் ஒப்படைத்த பிறகு வீட்டில் உட்கார்ந்து மனைவியின் உயிரை எடுத்துக்கொண்டிருந்தேன். குழம்பில் உப்பு, கொடியில் துணி, எல்லாவற்றிலும் என் யோசனை ஒன்று இருக்கும். "எங்கிட்டாவது போயிட்டு வாங்க, எனக்குப் புண்ணியமாப் போகும்" என்று அவள்தான் என்னைக் காட்சியகத்துக்குத் துரத்தினாள். போன இடத்திலும் என் புத்தி மாறவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஒரு அம்மா வருவார். மற்ற நாளெல்லாம் விடியுமுன்னே ஜீப்பில் தொற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறி, ஏலக்காய் எஸ்டேட்டில் காய் எடுக்கிறவர். ஒரே மகள், கம்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். அந்தப் பெண்ணுக்கு இரண்டு முறை கரு தங்காமல் போய், மூன்றாவதுதான் நின்றிருந்தது. தங்கினால், தன் கையாலேயே சட்டி செய்து அதில் முளைப்பாரி எடுப்பதாகத் தெரு அம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தார். கடையில் வாங்கிய சட்டியில் பயிர் வளர்த்துத் தலையில் தூக்குவது எல்லோரும் செய்வதுதானே. இவருடைய நேர்த்திக்கடனில் கைதான் முக்கியம்.

மண் அவர் சொன்னபடி கேட்கவில்லை. சக்கரத்தில் எழும்பும், சரியும். "எஸ்டேட்டு கங்காணி மாதிரியில்ல மொறைக்கிது" என்று அவரே சிரித்துக்கொள்வார். ஆடி பிறந்த பிறகுதான் ஒரு சட்டி நின்றது. வாய் ஒரு பக்கம் கோணல். அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "மகளுக்கு ஏழாம் மாசம் மொதலாளி. கரெக்ட்டா வந்து நின்னிருச்சு பாத்தீகளா" என்றார்.

அப்போது சாரல் பிடித்துக்கொண்டது. கேரளாப் பக்கத்து மழை மெட்டைத் தாண்டி வந்து நாள் முழுக்கத் தூறிக்கொண்டே இருந்தது. ஈரச்சட்டியின் மேல் துணி போர்த்தி அலமாரியில் வைத்திருந்தார்கள். அது காய வேண்டும், பிறகு சூளைக்குப் போக வேண்டும், அதன் பிறகுதான் அதில் எருவும் மண்ணும் போட்டு விதை தூவ முடியும். விதை தூவுவதற்குக் கோயிலில் நாள் குறித்தாகிவிட்டது. நான் தினமும் போய்த் துணியைத் தூக்கிப் பார்ப்பேன். தொட்டால் விரலில் ஒட்டும்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஏலக்காய்க்காரனுக்கு ஈரம் என்றாலே ஆகாது. பறித்த காயை அன்றே சூட்டில் ஏற்றாவிட்டால் பச்சை நிறம் போய்விடும், ஏலத்தில் ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். மழைக்காலத்தில் நமத்துப்போன காயை மறுபடி காய வைக்க எங்கள் ஏலக்காய்க் கிடங்கின் பின்னால் ஒரு டிரையர் இருக்கிறது. காய வைப்பதைப் பற்றி எனக்கா பாடம் எடுப்பார்கள் என்ற நினைப்பு.

ஒரு வியாழக்கிழமை. ஸ்டுடியோவைப் பார்த்துக்கொள்ளும் பெண் மதுரைக்கு ரயிலேறியிருந்தார். யாரையும் கேட்காமல் சட்டியை எடுத்தேன். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு, பள்ளம் வந்தால் தூக்கிப் பிடித்து, அப்படிப் பத்திரமாகக் கொண்டுபோய் டிரையருக்குள் வைத்தேன். அந்தம்மா ஞாயிற்றுக்கிழமை வந்து காய்ந்த சட்டியைப் பார்த்து வாயைப் பிளப்பார் என்று நினைத்துக்கொண்டு டீ குடித்தேன். சாயங்காலம் கதவைத் திறந்தால் விளிம்பிலிருந்து அடிவரை பிளந்து கிடந்தது. மேல்விளிம்பு வெளுத்துக் காய்ந்திருந்தது, அடி இன்னும் ஈரமாக இருந்தது.

இருட்டுவதற்குள் கொண்டுபோய்ப் பழைய இடத்திலேயே வைத்தேன். ஒளிக்க அல்ல, சத்தியமாக. ஃபோனில் சொல்கிற சேதியா இது, ஞாயிற்றுக்கிழமை நேரில் சொல்வோம் என்றுதான் நினைத்தேன். மறுநாளே மெட்டு ரோட்டில் பாறை விழுந்து ஜீப் ஓடாமல் போகும் என்று நான் கண்டேனா.

வேலை இல்லாததால் அந்தம்மா வெள்ளிக்கிழமை காலையே காட்சியகத்துக்கு வந்துவிட்டார். நான் மத்தியானம் போனபோது, பிளந்த சட்டியைப் பார்த்துவிட்டு அலமாரிக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் செல்ஃபோன். மகளிடம் எதற்கென்று சொல்லாமலே, படி ஏறாதே, வாசலுக்குக்கூட வராதே என்று அழுது முடித்திருந்தார்.

"ஆத்தா வேணாம்னுட்டா மொதலாளி" என்றார். "என்கிட்ட என்ன கொறை கண்டாளோ."

அங்கேயே அவர் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். டிரையர், ஆட்டோ, டீ குடித்தது வரை. அவர் முழுசாகக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார்.

"எம் மனசு தேறட்டும்னு சொல்றீக. உங்க பெரிய மனசு அது."

"இல்லம்மா, நெசமாவே நான்தான்."

"இருக்கட்டும் மொதலாளி."

செய்யாத தப்புக்குப் பழி ஏற்றுக்கொள்கிற நல்ல மனுஷனாக அவர் கண்ணுக்கு நான் தெரிந்தேன். அதைவிட என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

வீட்டில் சொன்னேன். "அவுக சோறு திங்காமக் கெடக்காக, நீங்க இங்க வந்து ஏங்கிட்டப் பொலம்புறீக" என்றாள் மனைவி. அந்தம்மா மறுபடி மண்ணைத் தொடவில்லை. ஜீப்பில் வருகிற பெண்கள் யாரோ, இப்படி ஆனால் பிள்ளைக்கு ஆகாது என்று வேறு சொல்லியிருந்தார்கள்.

கடைசியில் ஸ்டுடியோப் பெண்ணிடம் போய் நின்றேன். என்னை ஒரு பாட்டம் திட்டிவிட்டு, அதே மண்ணில், அதே அளவில் அவர் ஒரு சட்டி செய்து கொடுத்தார். அது அதே பதத்துக்கு வந்ததும், வர மாட்டேன் என்ற அந்தம்மாவைக் கெஞ்சிக் கூத்தாடி எங்கள் கிடங்குக்கு அழைத்துப் போனேன். அவர் கண்முன்னால் சட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினேன். இருவரும் ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தோம். வாங்கிவந்த டீயை அவர் தொடவில்லை.

இதுவும் வெடித்தால்தானே என்னை நம்புவார் என்று எனக்குப் பதைப்பு. ஒரு சட்டி உடைய வேண்டும் என்று குலசாமியைக் கும்பிட்டவன் இந்தப் போடியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கதவைத் திறந்தேன். விளிம்பிலிருந்து அடிவரை, அதே போல.

அவர் கிட்டப் போய்ப் பிளவில் விரலை வைத்துப் பார்த்தார். அவர் தோள் இறங்கியது. வெளியே போய் மகளுக்கு ஃபோன் போட்டார். "ஒண்ணுமில்ல ஆத்தா, நான்தான் வீணாப் பயந்துட்டேன். நீ எந்திரிச்சு நட, நல்லாச் சாப்பிடு." ஃபோனை வைத்துவிட்டு உள்ளே வந்தார். அந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

"அப்ப நெசமாவே நீங்கதான்."

"ஆமாம்மா."

"நான் ராத்திரியெல்லாம் என்ன பாவம் செஞ்சேன், என்ன பாவம் செஞ்சேன்னு கெடந்தேன். எங்க மாமியாளை ஏசுனதுலேர்ந்து ஒண்ணொண்ணா எடுத்துப் பாத்தேன். ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுத்தா என்ன? நான் செஞ்ச சட்டிதான, நாதியத்துக் கெடந்த சட்டியா அது?"

நான் டிரையர் கதவைச் சாத்தினேன்.

"பயம் போச்சு, சரி. கையால செஞ்சதுல எடுக்கிறேன்னு ஆத்தாகிட்டச் சொன்ன சொல்லு? அதையும் இந்த டிரையருக்குள்ளேர்ந்து எடுத்துத் தருவீகளா?"

விதை தூவுகிற நாளுக்குள் இன்னொரு சட்டி செய்து காய வைக்க முடியாது. வேண்டுமானால் நான் வந்து அம்மன் முன்னால் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன்.

"அந்தச் சோலியே வேணாம். முளைப்பாரி அன்னைக்கு எங்க தெருப் பக்கம் வந்துறாதீக. உங்களைப் பாத்தா எனக்கு வாய் வந்துரும். தலையில சாமியை வச்சுக்கிட்டு ஏசக்கூடாது."

கடைச்சட்டியில்தான் முளைப்பாரி எடுத்தார். நான் போகவில்லை. குலவைச் சத்தம் காட்சியகம் வரைக்கும் கேட்டது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மறுபடி வந்து சக்கரத்தில் உட்காருகிறார். அடுத்த வருஷத்துக்கான சட்டியாம். அந்த அலமாரிப் பக்கம் நான் போவதில்லை. மகளுக்குப் பிரசவத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. சூட்டில்தான் வெடித்தது என்று கண்முன்னால் காட்டியவன் நான். அவர் நம்பி, நிம்மதியாகத் தூங்குகிறார். எனக்குத்தான் ஃபோன் அடித்தால் கம்பத்திலிருந்து கெட்ட சேதியோ என்று பயம். அவர் உள்ளே நுழைந்ததும் தட்டுகிற துணியைக் கீழே வைத்துவிட்டு, "பிள்ள எப்படி இருக்கும்மா?" என்று கேட்கிறேன். போன வாரமும் கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கா. நீங்க போயி உங்க சோலியப் பாருங்க" என்றார்.