ஐந்தாம் தேதிக் கிணறு

செவிலிமேட்டு கிரேஸுக்கு முப்பத்தோரு கிணறுகள். சொந்தமாக ஒன்றுகூட இல்லை. அவள் வீட்டில் இருப்பது குழாய், அதிலும் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். ஆனால் மாதம் பிறந்து ஒரு வாரத்துக்குள் முப்பத்தோரு கிணற்றையும் எட்டிப் பார்த்து, எதில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று நிலத்தடி நீர் அலுவலகத்துக்கு எழுதித் தருவது அவள் வேலை. பதினேழு வருஷமாகச் செய்கிறாள். அவள் ஸ்கூட்டர் செவிலிமேட்டில் இருமினால் திருப்பருத்திக்குன்றத்து நாய்கள் எழுந்து சோம்பல் முறிக்கும். இது கொஞ்சம் மிகைதான். எழுந்திருப்பது பாதி நாய்கள் மட்டுமே.

வேலை பார்வைக்கு எளிது. நூறடி நீளத்தில் இரும்பு நாடா, நுனியில் ஈயக் குண்டு. நாடாவின் கடைசி மூன்றடிக்கு நீலச் சாக்குக்கட்டி தேய்க்க வேண்டும். கிணற்றுச் சுவரில் சிவப்புப் பெயிண்டால் ஓர் அம்புக்குறி போட்டிருக்கும். அங்கிருந்து நாடாவை இறக்கினால், குண்டு தண்ணீரைத் தொடும்போது ‘களுக்’ என்று கேட்கும். இன்னும் ஓரடி விட்டு, குறியில் நிற்கும் எண்ணைப் பார்த்துக்கொண்டு மேலே இழுத்தால், நனைந்த இடம் மட்டும் கருத்திருக்கும். அதைக் கழித்தால் மிஞ்சுவது ஆழம். எண் பெரிதானால் தண்ணீர் கீழே போயிருக்கிறது. அளப்பதற்கு முன் இரண்டு மணி நேரமாவது மோட்டார் ஓடியிருக்கக் கூடாது. ஆபீசுக்கு மீட்டரில் எழுதுவாள், கேட்கிற ஊர்க்காரருக்கு அடியில் சொல்வாள். அவள் நோட்டில் அடித்தல் திருத்தல் கிடையாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அந்த நோட்டைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

கூரத்தைத் தாண்டிய ஒரு சின்ன ஊரில் கோதண்டபாணியின் கிணறு இருந்தது. அந்த ஊரில் அவள் அளப்பது அது ஒன்றைத்தான். ஏழு வருஷமாக ஐந்தாம் தேதி அவருடைய முறை. அன்று அவர் வெள்ளை வேட்டி கட்டி, நாற்காலி போட்டு, மோர் வைத்துக்கொண்டு காத்திருப்பார். நாடா இறங்கும்போதே கதையும் இறங்கும். அவர் அப்பா காலத்தில் ஜில்லாவே காய்ந்து கிடந்த வருஷம், காஞ்சிபுரத்துக் கோயில் யானை ஒன்று இந்தக் கிணற்றைத் தேடி நடந்தே வந்ததாம். யானை குடித்து முடித்த பிறகு பார்த்தால் தண்ணீர் ஒரு விரற்கடை ஏறியிருந்ததாம். ஏழு வருஷத்தில் யானை இரண்டாகி, போன தீபாவளிக்கு ஒரு குட்டியும் சேர்ந்திருந்தது. கிரேஸ் மோரைக் குடித்துவிட்டு, சித்திரை வெயிலிலும் இருபத்திரண்டு அடி என்று எழுதிக்கொண்டு கிளம்புவாள்.

கிரேஸின் அம்மா அந்த ஊர்க் காலனியில் பிறந்தவள். அந்தக் கிணற்றில் கயிறு போட அவளுக்கு அனுமதி இருந்ததில்லை. யாராவது இறைத்து ஊற்றும்வரை குடத்தோடு தள்ளி நிற்க வேண்டும். சும்மா நிற்க முடியாமல், அடுத்தவர் கயிறு எத்தனை முழம் இறங்குகிறது என்று எண்ணுவாளாம். யானை வந்ததாகச் சொல்லும் அந்த வருஷம் இருபத்தெட்டு முழம் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். இருபத்தெட்டு முழம் என்றால் நாற்பத்திரண்டு அடி. நாடா இருபத்திரண்டு காட்டும்போது அம்மா இரண்டு மடங்காக்கிச் சொல்லியிருக்கிறாள் என்றே கிரேஸ் நினைத்தாள். காத்து நிற்கிறவர்களுக்குக் கயிறு நீளமாகத்தான் தெரியும்.

இந்த வருஷத் தொடக்கத்தில் ஒரு சங்கதி கிளம்பியது. தண்ணீர் இறங்கிப்போன ஊர்களின் ஏரியை அரசு செலவில் தூர்வாரி, மழைநீர் உள்ளே இறங்கக் குழாய்களும் போட்டுத் தருவார்கள்; மே மாத அளவோடு பட்டியல் மூடப்படும். கோதண்டபாணியின் ஊரில் வீட்டு போர்வெல்கள் ஒவ்வொன்றாகக் காற்றை இழுத்துக்கொண்டிருந்தன, தெருவில் நீல டிரம்கள் லாரிக்காக வரிசையில் நின்றன. ஆனாலும் பட்டியலில் ஊர் இல்லை. வார்டு உறுப்பினர் பொன்னி அலுவலகத்துக்கே போய்க் கேட்டுவிட்டு, திரும்பும் வழியில் கிரேஸின் ஸ்கூட்டரை மடக்கினாள்.

“ஏம்மா, உன் நோட்டுல எங்கூருல தண்ணி தளும்பிக்கினு இருக்குதாமே. அந்தத் தண்ணிய எங்க கண்ணுலயும் கொஞ்சம் காட்டேன்.”

நாடா பொய் சொல்லாது என்றாள் கிரேஸ். அப்படியானால் நாடாவுக்கு ஓட்டுப் போட்டிருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் பொன்னி போனாள்.

ஏப்ரலில் ஈஸ்டர் ஐந்தாம் தேதியே வந்தது. அன்றைக்குக் கோயிலை விட்டுக் கிணற்றுக்குப் போக முடியாது என்பதால் கிரேஸ் மூன்று நாள் முன்னதாக, வியாழக்கிழமை காலையிலேயே அந்த ஊருக்குப் போனாள். நாற்காலி இல்லை, மோர் இல்லை. மோட்டார் முந்தின நாளே நின்றிருந்தது. கோதண்டபாணியின் மனைவி கமலாட்சி கையில் முறத்தோடு வந்து, பதறிப்போய் நின்றாள்.

“இன்னிக்கேவாம்மா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? இன்னும் ஓசே போடலியே.”

என்ன ஓஸ் என்று கிரேஸ் கேட்கவில்லை, நாடாவை இறக்கினாள். இறக்கிக்கொண்டே இருந்தாள். ‘களுக்’ வர நேரமாயிற்று. நாற்பத்தோரு அடி. துடைத்து, மறுபடி சாக்குக்கட்டி தேய்த்து இறக்கினாள். அதே நாற்பத்தொன்று.

பிறகு கமலாட்சி எல்லாவற்றையும் சொன்னாள். ரகசியம் என்று அவளிடம் யாரும் சொல்லி வைத்திருக்கவில்லை. மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் நானூறு அடி ஆழத்துக்கு ஒரு போர்வெல் இருந்தது. ஒவ்வொரு மாதமும் மூன்றாம் தேதி அதிலிருந்து ஓஸை இழுத்துக் கிணற்றுக்குள் விடுவார்கள். இரண்டு நாளும் ஓடும். ஐந்தாம் தேதி விடிந்ததும் ஓஸைச் சுருட்டிப் பரணில் போடுவார்கள். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் இரவல் நகை போட்டு நிறுத்துவதில்லையா, அப்படித்தான். கவர்ன்மென்டிலிருந்து பார்க்க வருகிறவள் முன்னால் கிணறு அடிவயிற்றைக் காட்டிக்கொண்டு நிற்கலாமா? இதில் ஏமாற்று இருப்பதாக அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

கோதண்டபாணி வயலிலிருந்து வந்தபோது கிரேஸ் நோட்டில் எழுதி முடித்திருந்தாள். அவர் வேட்டியில் சேறு இருந்தது. அவர் நோட்டைப் பார்க்கவில்லை, கிணற்றைத்தான் பார்த்தார்.

“அஞ்சாந்தேதி வந்து எழுதிக்கம்மா. எங்கப்பா பேரு இருக்குது இந்தக் கிணத்துக்கு. நாலு ஊரு சிரிக்கும்.”

“ஐயா, அந்த யானை வந்த வருஷம் எங்கம்மா இங்கதான் கொடத்தோட நின்னுது,” என்றாள் கிரேஸ். “இருபத்தெட்டு முழம் எறங்குச்சாம். ஒவ்வொரு முழமா எண்ணிக்கினு இருந்துது. உங்கப்பா கிணறுந்தான் எறங்கியிருக்குது. மழை வந்து மறுபடி ஏறியிருக்குது.”

உன் அம்மா எந்தப் பக்கம் நிற்பாள் என்று கோதண்டபாணி கேட்டார். கிரேஸ் கையைக் காட்டினாள். இப்போது நாற்காலி போடுகிற இடம்தான் அது.

அலுவலகத்தில் இன்ஜினியர் லோகேஸ்வரன் நல்ல பிள்ளை, அவளுக்கு நல்லதையே சொன்னான். திடீரென்று ஒரே மாதத்தில் பத்தொன்பது அடி இறங்கினால் கம்ப்யூட்டர் அதைத் தப்பு என்று தள்ளிவிடும். ‘மோட்டார் ஓடியது’ என்று போட்டுக் கட்டத்தைக் காலியாக விட்டால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். ஊர் பட்டியலில் ஏற வேண்டுமானால் ஏழு வருஷத்து அளவும் செல்லாது என்று அளந்தவளே எழுதித் தர வேண்டும்.

“அப்படி எழுதினா மத்த முப்பது கிணத்தையும் சந்தேகப்படுவாங்க மேடம். உங்க பதினேழு வருஷமும் போயிடும். பரவாயில்லயா?”

கிரேஸ் ஸ்கேலைக் கேட்டு வாங்கினாள். எண்பத்து நான்கு எண்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு நேர்கோடு, ஓரத்தில் கையெழுத்து, தேதி. அழகான நோட்டாக இருந்தது. அரை மணி நேரத்தில் கம்பி போட்ட ஜன்னல் மாதிரி ஆகிவிட்டது. இது முடிந்ததும், மற்ற முப்பதையும் நாள் சொல்லாமல் போய் மறுபடி அளந்து தருகிறேன் என்று எழுதிக் கொடுத்தாள். அளந்தாள். பத்து நாளில் ஸ்கூட்டரின் இருமல் காச நோயாகிவிட்டது. முப்பதும் சரியாக இருந்தன. லோகேஸ்வரன் மூன்று கிணறுகளுக்குக் கூடவே வந்து ‘களுக்’கைத் தன் காதால் கேட்டுவிட்டு, மேலே அனுப்ப வேண்டிய தாளில் கையெழுத்துப் போட்டான்.

மே ஐந்தாம் தேதி கோதண்டபாணி காஞ்சிபுரத்தில் மைத்துனர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். அவருக்குப் பார்க்க மனசு வரவில்லை என்றாள் கமலாட்சி. நாற்பத்துமூன்று அடி. ஆடி பிறப்பதற்குள் ஊர் பட்டியலில் ஏறி, ஏரிக்கரையில் பொக்லைன் நின்றது. பொன்னி ஒரு பொட்டலம் காராசேவோடு செவிலிமேட்டுக்கு வந்து, ஓட்டு இனிமேல் நாடாவுக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆகஸ்டில் கோதண்டபாணி வெள்ளை வேட்டியோடு நாற்காலி போட்டுக் காத்திருந்தார். கதை மாறியிருந்தது. ஜில்லாவிலேயே இவ்வளவு ஆழத்தில் தண்ணீர் நிற்கிற கிணறு வேறு இல்லையாம். பொக்லைன் டிரைவரே வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டானாம். ஏரி வந்ததே இந்தக் கிணற்றால்தானாம்.

கிரேஸ் மோரைக் குடித்தாள். ஆனால் ஐந்தாம் தேதியை அன்றோடு விட்டுவிட்டாள். அக்டோபரில் நல்ல மழைக்குப் பிறகு, நான்காம் தேதி மத்தியானம் அங்கே போய் நின்றாள். கிணற்று மோட்டார் முழு மூச்சில் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் பாய்ச்ச வேண்டிய பயிர் எதுவும் இல்லை. தண்ணீர் வாய்க்கால் வழியாகச் சும்மா தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. கோதண்டபாணி சுவிட்சுக்குப் பக்கத்தில், கையும் களவுமாக மாட்டிக்கொண்டு நின்றார்.

“நாளைக்கு இன்னும் ஆழமாக் காட்டலாம்னு பாத்தேன்,” என்றார்.

“நிறுத்துங்க ஐயா. ரெண்டு மணி நேரம் ஆவும். நான் உக்காந்துக்கினு இருக்கேன்.”

நாற்காலியை அவளே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.