பின்னால் உட்காரும் இடம்

கண்ணாடிக்காரருக்குப் பயம் கூடவே பிறந்தது. ஜன்னல்களுக்குக் கண்ணாடி பொருத்துவது தொழில். பொருத்தியது கழன்று விழுந்திருக்குமோ என்று மறுநாளும் போய் எட்டிப் பார்ப்பார். எதைச் சொன்னாலும் "இருந்தாலும்..." என்று இழுப்பதால் தெருவில் அவருக்கு அதுவே பட்டப்பெயர்.

இந்த முறை மட்டும் பயத்தில் நியாயம் இருந்தது. பாலத்து இறக்கத்தில் அவருடைய பழைய பிக்கப் வண்டியின் பிரேக் பிடிக்கவில்லை. மிதிக்க மிதிக்க உள்ளே போனதே தவிர, வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. கியரைக் குறைத்து, ஓரத்து மண்மேட்டில் ஏற்றி எப்படியோ நிறுத்தினார். பின்னால் கண்ணாடிகளோடு அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். மனிதர் எந்தக் கயிற்றையும் நம்பமாட்டார். கண்ணாடி ஏற்றினால் அதை அசையாமல் பிடித்துக்கொள்ள அவள் பின்னால் ஏறியாக வேண்டும், கல்யாணமானதிலிருந்து அதுதான் வழக்கம்.

மெக்கானிக் பிரேக்கைச் சரிசெய்துவிட்டு, "எத்தனை நாளைக்குத் தாங்கும்னு மட்டும் என்னைக் கேட்காதீங்க" என்று சொல்லி, இருந்த கொஞ்ச தூக்கத்தையும் கெடுத்தார். அதனால்தான் இன்று இருவரும் ஷோரூமுக்கு வந்திருந்தார்கள்.

"ஸ்டாக்ல இருக்கிற வண்டின்னா நாளைக்கே எடுத்துக்கலாம் சார்" என்றாள் விற்பனைப் பெண். "கண்ணாடி நிறுத்துற ஸ்டாண்டோட வேணும்னா ஆர்டர்தான் போடணும். நாலு மாசம் ஆகும்."

"இதுலயே ஸ்டாண்டு மாட்ட முடியாதாம்மா?"

"இது சின்ன பாடி சார், தாங்காது."

அவர் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஆர்டர் போட்டால் நாலு மாதம் அந்த நாசமாய்ப் போன பிரேக்கை நம்பி அவளை ஏற்ற வேண்டும். இருப்பதை வாங்கினால் பிரேக் நன்றாக இருக்கும், ஆனால் அவள் காலம் முழுக்கப் பின்னால்தான். எந்தப் பக்கம் யோசித்தாலும் அவள் தூக்கி எறியப்படுவதுதான் கண்ணில் தெரிந்தது. அவளையே கேட்கலாம் என்று திரும்பினால் ஆளைக் காணோம்.

வெளியே நிறுத்தியிருந்த புது வண்டியின் பின்பக்கத்தில் ஏறி உட்கார்ந்திருந்தாள். முழங்காலை மடக்கி, இல்லாத கண்ணாடியைப் பிடிப்பதுபோல ஒரு கையை நீட்டி வைத்திருந்தாள்.

"அம்மா, சீட்டு முன்னாடி இருக்கு" என்று விற்பனைப் பெண் சிரித்தாள்.

"எனக்கு இடம் பத்துதான்னு பார்த்தேன்மா. பத்துது."

அவர் விற்பனைப் பெண்ணின் பக்கம் திரும்பினார். "ஆர்டரே போட்டுடுங்க" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "பழைய வண்டியில இனிமே கண்ணாடி ஏறாது. புது வண்டி வர்ற வரைக்கும் கண்ணாடிக் கடை லாரியிலயே வந்து இறங்கட்டும்."

"அய்யோ, அவங்க உடைச்சிடுவாங்கங்க!" என்றாள் மனைவி.

"உடைஞ்சா உடையட்டும். நீ இறங்கு முதல்ல."

அவள் உடனே இறங்கவில்லை. நீட்டிய கையை மெல்ல மடியில் வைத்துக்கொண்டாள். மற்றக் கை, நின்றிருந்த வண்டியின் ஓரத்தை இறுகப் பிடித்திருந்தது.

"என்னம்மா, பயந்துட்டியா?" என்றார்.

"இன்னைக்கா?" என்று கேட்டாள் அவள். "ஏறின முதல் நாள்லேர்ந்து பயம்தாங்க. நீங்க ஏற்கெனவே பயந்துகிட்டு இருப்பீங்க, நானும் எதுக்குச் சொல்லணும்னு இருந்துட்டேன்."