மதினி கொடுத்த பால்

போர் முடிந்த வருடம் அது. சாய்ந்தமருதில் உம்மாவோடு இருந்தேன். மகனுக்கு ஐந்து மாதம். சுனாமிக்கு அடுத்த வருடம் புற்றுநோய் என்று என் தைராய்டை முழுதாக எடுத்திருந்தார்கள். தினமும் மருந்துக் குளிசை குடித்துக்கொண்டு, அந்தக் கதை முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

காதுக்கு மேலே தலையில் ஒரு வீக்கம் வந்தது. எங்காவது இடித்திருப்பேன் என்று நானே காரணம் சொல்லிக்கொண்டேன். கொழும்பில் சோதித்தபோது, கழுத்தில் இருந்த அதே நோய் மண்டையோட்டில் வளர்வதாக டொக்டர் சொன்னார். அபூர்வமாக இப்படியும் வருமாம். எங்கே இருந்தாலும் அது அயடீனை உறிஞ்சுவதால், கதிரியக்க அயடீன் கொடுத்து அழிக்கப் பார்க்கலாம் என்றார். ஆனால் பல வாரங்களுக்கு முன்பே தாய்ப்பாலை நிறுத்த வேண்டும்; இந்தப் பிள்ளைக்கு மறுபடி கொடுக்கவே கூடாது.

மகன் போத்தலைத் தொடவில்லை. பால்மாவை மாற்றினோம், கரண்டியால் ஊட்டினோம், எல்லாவற்றையும் துப்பினான். நாளுக்கு நாள் வாடினான். சிகிச்சையைத் தள்ளிப்போடலாமா, தள்ளினால் நான் இருப்பேனா என்று மாறி மாறி யோசித்தேன்.

அடுத்த தெருவிலிருந்து மதினி வந்தார். என் காக்காவின், அதாவது அண்ணனின், மனைவி. அவரிடமும் கைக்குழந்தை, என் மகனைவிடச் சற்று இளையவள். அவள் பிறந்த அன்றே என் மகனை 'மருமகன்' என்று கூப்பிடத் தொடங்கியவர். காக்காவும் நானும் ஆசையாகப் பேசிவைத்த சம்பந்தம் அது. அதனால்தான் அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கேட்காமலே பிள்ளையை வாங்கி, முந்தானையால் மூடிக்கொண்டு பால் கொடுக்க உட்கார்ந்தார். உம்மா பதறிப்போனார். எங்கள் மார்க்கத்தில் ஒரே தாயிடம் பால் குடித்தால் இருவரும் உடன்பிறப்புகள். பிறகு அவர்களுக்குள் கலியாணம் ஹறாம், கூடவே கூடாது என்று நினைவுபடுத்தினார்.

"தெரியும் மாமி. உங்கட மகனிட்டயும் கேட்டுட்டுத்தான் வந்தன்" என்றார் மதினி. என் பக்கம் திரும்பி, "மருமகன் பொறகும் தேடலாம் புள்ள. நீ போய் மருந்தெடு. இவன் குடிக்கிறதப் பார்த்தா, மாப்பிள்ளையா வந்திருந்தா என்ட வீடே காலியாகியிருக்கும்."

பல நாட்களுக்குப் பிறகு உம்மா சிரித்தார். நான் அழுதேன்.

சிகிச்சை முடிந்து வந்தேன். வீக்கம் மெல்லக் கரைந்தது. இன்றும் தலை சீவும்போது விரல் பயத்தோடு அந்த இடத்தைத் தேடும். ஆனால் வாசலில் மதினியின் மகள், 'மச்சான்' என்று அழைத்திருக்க வேண்டிய என் மகனைக் 'காக்கா' என்று கூப்பிடும்போதெல்லாம், மதினி எதை விட்டுத்தந்து என்னைப் பிழைக்க அனுப்பினார் என்பது என் காதில் விழுகிறது.